அந்த இரண்டு வட்டங்கள்

பிரபு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணி மாதிரிகளுக்கு மேல் வைக்கிறேன். கையில் கொடுத்தால் நின்றபடியே நாலு வரி பார்த்துவிட்டு, "சரிம்மா, அப்புறம் பேசலாம்மா" என்று ஃபோனை எடுத்துக்கொள்வாய். கரூரில் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உனக்கு வேறு வழி இருக்காது. இந்தக் காகிதத்தை நகர்த்தாமல் அந்தத் துணியை எடுக்க முடியாது. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால், "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று நிலாவிடம் சொல்கிறாய். இந்த வித்தையை உன் அப்பாவோடு பதினோரு மாதம் நடத்தியவள் நான், நாலு நாள் எனக்குப் பெரிதில்லை. ஆனால் நாளைக்கு நீ விமானம் ஏறுகிறாய், வியாழக்கிழமை அச்சுக்குத் துணி போகிறது என்று கவிதா சொன்னாள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

இதையே இன்னொரு தாளில் எழுதி நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே. பரிசை ஊரைக் கூட்டி வைத்துத்தான் எனக்குக் கொடுத்தார்கள். நான் செய்த தப்பையும் அதே ஊரிடம்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது என்று நீ நினைப்பதிலும் பாதி உனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்காட்சிக்கு என்று ஆஸ்திரேலியா போனாய். கம்ப்யூட்டர் வேலை போய், கரூரிலிருந்து பெட்ஷீட், திரைச்சீலை எல்லாம் இறக்கி விற்க ஆரம்பித்திருந்த புதிது. திரும்பி வரும்போது ஒரு நீளக் குழாயில் சுருட்டி அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். பாலைவனத்து ஆதிகுடிகள் வரைந்தது என்றாய். சட்டம் போடுகிறவன் எது மேல்பக்கம் என்று கேட்டான். உனக்கும் தெரியவில்லை. சோபாவின் நீளத்துக்கு எப்படிச் சரியாக வந்ததோ அப்படி மாட்டினாய். காலையில் நீ கிடங்குக்கும் கவிதா ஆபீசுக்கும் நிலா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு டல்லாஸுக்குப் பக்கத்து இந்த ஃபிரிஸ்கோ வீட்டில் நானும் அந்தப் படமும்தான். கார் ஓட்டத் தெரியாதவளுக்கு இங்கே வாசல்வரைதான் உலகம். செம்மண் நிறம், சாம்பல் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று ஆயிரக்கணக்கில் புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே வட்டத்துக்குள் வட்டமாகப் பதினொரு இடம். வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு. அங்கங்கே லாடம் மாதிரி ஒரு வளைவு. மூன்று வருஷம் பார்த்ததில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கு எது ஆகவில்லை? உன் கல்யாணத்தில் யார் எந்தச் சேலையில் வந்தார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதுகூட ஆகியிருக்கிறது.

புள்ளி என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? கோலம் என்றுதான் நினைத்தேன். இந்தப் பொங்கலுக்குச் சங்கத்தில் கோலப் போட்டி வைத்தபோது, "அத்தை, உங்க பேரையும் குடுத்துட்டேன்" என்று கவிதா வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து கார் நிறுத்துமிடத்தில், அந்தக் குளிர்காற்றில், பொடி பறக்காமலிருக்க உப்பைக் கலந்து, மூன்று மணி நேரம் குனிந்து அந்தப் படத்தைப் போட்டேன். ஒரு வட்டம் விடவில்லை. பக்கத்தில் மயில் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து பார்த்தாள். "ஆன்ட்டி, செமையா இருக்கு! இது எந்த ஊர்க் கோலம்?" என்று கேட்டாள். "எங்கூருதான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மகன் வீட்டுச் சுவரில் இருக்கும் படம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. பிறகு நடுவரும் கேட்டார், அவருக்கும் அதையே சொன்னேன். மைக்கில், "கரூர்ப் பாரம்பரியக் கோலம், முதல் பரிசு" என்று அறிவித்தார்கள். கைதட்டலில் எனக்குக் குளிர் தெரியவில்லை. கொடுத்த மிக்ஸியைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு போயிருந்தால் கோலத்தைப் பெருக்கித் தள்ளியதோடு முடிந்திருக்கும். கவிதா எடுத்த ஃபோட்டோ உன் ஃபோனுக்கு வந்து, அதை நீ டல்லாஸில் கடை வைத்திருக்கும் அந்தப் பெரிய ஆளுக்குக் காட்டி, அவர் மொத்தக் கடைகளுக்கும் பெட்ஷீட்டும் தலையணை உறையும் கேட்டுவிட்டார். நீ என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. "அம்மா, நீ எனக்கு அடுத்த வருஷத்துக்கே வழி பண்ணிட்ட! இதுக்கு அம்மா கலெக்‌ஷன்னுதான் பேரு. லேபிள்ல உன் ஃபோட்டோ போடறேன்" என்றாய். இரண்டு வருஷமாக உன் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அதனால் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இதை ஒளிக்க மாட்டேன்.

டிசைன் போடுகிறவனுக்குப் படம் எடுத்து அனுப்ப, நீ சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாய். அன்றைக்குக் கவிதா டிவி மேஜை இழுப்பறையில் எதையோ தேடும்போது, ஃபிரிட்ஜ் வாரண்டி, ஏசி வாரண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் படத்தோடு வந்த உறை கிடைத்தது. மூன்று வருஷம் யாரும் பிரிக்காத உறை. நிலாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் ஒரு அம்மாவின் ஃபோட்டோ இருந்தது. என் வயசுதான் இருக்கும், என்னைவிடக் கறுப்பு, தரையில் விரித்த துணியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் குச்சியோடு. நிலா ஒரு வரி படிப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். "அப்பத்தா, திஸ் இஸ் நாட் எ டிசைன். இது அவங்க அப்பாவோட லேண்ட். மேலேருந்து பார்க்கற மாதிரி" என்றாள்.

அந்தத் தாளில் இருந்ததையும், நிலா அப்புறம் தேடிப் படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். அந்த வட்டங்கள் தண்ணீர் இருக்கும் இடங்கள். பாலைவனத்து மணலைக் கையால் தோண்டினால் ஊறி வரும் ஊற்றுகள். கோடுகள், ஆதிகாலத்தில் இரண்டு பெண்கள் அந்த நிலத்தில் நடந்து போன வழி. அவர்கள் நடந்து, தோண்டி, உட்கார்ந்து எழுந்ததில்தான் அந்த நிலமே உண்டானது என்பது அவர்கள் கணக்கு. லாடம் மாதிரி இருப்பது ஒரு ஆள் உட்கார்ந்த தடம். துணியைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து வரைவதால் அதற்கு மேல், கீழ் கிடையாது. சட்டம் போட்டவன் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் வரைய முடியாது. அப்பன் வழியாகவோ ஆத்தாள் வழியாகவோ தாத்தா பாட்டி வழியாகவோ உரிமை வர வேண்டும். வெளியாட்கள் பார்க்கக் கூடாத பகுதி இருந்தால் அதன் மேல் புள்ளி வைத்து மூடிவிடுவார்களாம். பட்டா என்று ஒரு காகிதம் இல்லாத அந்த ஜனங்கள், எங்கள் நிலம் இது என்று நிரூபிக்க இந்த மாதிரிப் படங்களை அரசாங்கத்துக்கு முன்னால் விரித்துக் காட்டியதும் உண்டாம். நிலா படித்த தாளின் கடைசி வரி, "இந்த இடத்தின் மற்ற கதை சொல்வதற்குரியதல்ல." அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

தாளில் அந்த அம்மாவின் ஊர்ப்பக்கத்து ஓவியக்கூடத்தின் விலாசம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல நிலா எழுதி அனுப்பினாள். உங்கள் படத்தைப் பார்த்துத் தரையில் பொடியால் போட்டேன், எங்கள் ஊர்க் கோலம் என்று பொய் சொன்னேன், பரிசு கொடுத்தார்கள், கோலத்தைப் பெருக்கிவிட்டேன், இப்போது என் மகன் அதைப் பெட்ஷீட்டில் அடிக்கப் போகிறான், நான் என்ன செய்வது என்று. "அப்பத்தா, அந்தப் பொய் பார்ட் வேணுமா?" என்று கேட்டாள். "அதுதாண்டி முக்கியம், போடு" என்றேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், அந்த அம்மாவோடும் அவர் மகளோடும் உட்கார்ந்து பேசி எழுதியிருந்தாள். பொடியில் போட்டுப் பெருக்கிவிட்டேன் என்றதும் அந்த அம்மா சிரித்தாராம், நாங்களும் மணலில் வரைந்து அழிப்போம் என்றாராம். மேலும் அவர் சொன்னது: நீங்களாகச் சொன்னதால் கோபமில்லை. சுவரில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். பெட்ஷீட் வேண்டாம். அது என் அப்பாவின் இடம், அதைக் கொடுக்க எனக்கே உரிமை இல்லை, நான் பார்த்துக்கொள்கிறவள்தான். கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் எந்த இடத்து ஆள்? அந்த இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

அந்தப் பதிலைத்தான் செவ்வாய்க்கிழமை உன்னிடம் காட்டினேன். நீ படித்தாய். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, உன் காது சிவந்தது. பிறகு சொன்னாய், "அம்மா, நான் அந்தப் படத்தையே அடிக்கலையே. கலரை மாத்தி, ரெண்டு வட்டத்தை எடுத்துட்டா அது வேற டிசைன்மா. லாயர்கிட்டயும் கேட்டாச்சு."

"எந்த ரெண்டு வட்டம்?"

"ஏதோ ரெண்டு. அதுல என்ன இருக்கு?"

"அது ரெண்டும் ரெண்டு ஊத்து பிரபு. அப்பங்காட்டுல எந்த ரெண்டு ஊத்தைத் தூத்தறதுன்னு அந்தம்மாகிட்டக் கேட்டியா?"

"ஆரம்பிக்காதம்மா. இந்த ஆர்டர் போச்சுன்னா கடையை மூடணும். தெரியுமா உனக்கு?"

"உங்க பெரியப்பனும் இப்படித்தான், அதுல என்ன இருக்குன்னாரு."

நீ எழுந்து போனாய். பெரியப்பாவோடு சேர்த்துச் சொன்னது உனக்குச் சுட்டிருக்கும். சுட வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. அவர் கிணற்றுக்காட்டை எழுதி வாங்கிக்கொண்டார், அதனால் அம்மாவுக்குக் கோபம் என்றுதான் தெரியும். என் பங்கை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பாகம் பிரிக்க சர்வேயர் வந்தபோது உனக்குப் பதினொரு வயது, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் அப்பா தறியில் உட்கார்ந்தவர், காடு பக்கம் வந்ததில்லை. பெரியப்பா ஈரோட்டில் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துபோகிறவர். ஆடு மேய்த்து, களை எடுத்து, கோடையில் தண்ணீர் சுமந்து அந்தக் காட்டை நடந்து அறிந்தவர்கள் என் மாமியாரும் நானும்தான். மாமியார் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், கடும் பஞ்சத்தில், கிணறு வற்றினாலும் எங்கே தோண்டினால் ஊற்று கிடைக்கும் என்று எனக்கு எட்டு இடம் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கூனிப்பள்ளம், நரிமூலை, உப்புத்தாரை, அந்த மாதிரி. எல்லாம் காட்டிவிட்டுச் சொன்னார்: "இது மருமவளுக்கு மட்டும் சொல்றதாக்கும் அம்மிணி. ஆம்பளைகளுக்குச் சொன்னா எழுதிப்போடுவானுக."

சர்வேயர் சங்கிலியோடு வந்து நின்றதும் எல்லைக்கல் ஒன்றையும் காணோம். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, உனக்குத்தான எல்லாம் மனப்பாடம். நீயே கூட்டிட்டுப் போயிக் காட்டீரு." அதுவரைக்கும் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய மூன்றாவது பேச்சு அது. நான் முன்னால் நடந்தேன். ஒற்றைப்பனையிலிருந்து இருபது தப்படி தள்ளித் தோண்டச் சொன்னேன், கல் கிடைத்தது. வேலியோரம் கற்றாழைக்கு அடியில் என்றேன், அங்கேயும் கிடைத்தது. சர்வேயர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனுங்க, இந்தம்மா தலைக்குள்ளதானுங்க நெலத்தோட புலப்படம் இருக்குது! நான் சங்கிலியச் சுருட்டிட்டுப் போயர்லாமாட்ட இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லைக் காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமல் ஊற்றுகளையும் காட்ட ஆரம்பித்தேன். கூனிப்பள்ளம் இது, கோடையிலும் இடுப்பளவில் தண்ணி வருமுங்க. நரிமூலை இது. ஒவ்வொன்றாக ஏழு. பெரியப்பா ஒவ்வொன்றையும் பார்த்தபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் பத்திரம் எழுதும்போது அந்த ஏழும் ஒரே பாகத்தில் விழுந்தன, அவர் பாகத்தில். மேட்டுக்காடு முழுக்க நமக்கு. உன் அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் போய்க் கேட்டதற்குத்தான் பெரியப்பா சொன்னார்: "ரெண்டு குழி தள்ளிப் போச்சு, அதுல என்ன இருக்கு அம்மிணி?"

அவரை நான் மன்னிக்கவில்லை, இனிமேலும் உத்தேசமில்லை. கட்டிலோடு கிடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீ போய்ப் பார், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் விசாரித்ததாக மட்டும் சொல்லிவிடாதே. ஆனால் அவர் எடுத்ததெல்லாம் நான் வாயால் அளந்து கொடுத்ததுதான். மாமியார் என்னை நம்பிக் கொடுத்ததை ஒரு கைதட்டலுக்காகக் கொட்டினேன். சங்கத்தில் மைக் முன்னால் நின்றபோதும் அதே கைதட்டல்தான். முதல் தடவை என்னுடையதை இழந்தேன், இரண்டாம் தடவை இன்னொருத்தியுடையதை. புத்தி வர முப்பத்தைந்து வருஷம் போதவில்லை பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை உன் மேஜையிலிருந்து டிசைன் இருக்கும் பென் டிரைவை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். நீ வீட்டைப் புரட்டினாய், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிலா கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பத்தா, இட்ஸ் இன் த கிளவுட்! அரிசியில ஒளிச்சு என்ன யூஸ்?" என்றாள். ஒளித்தால் பயன் உண்டோ இல்லையோ, உன்னைக் கேட்காமல் உன் பொருளை எடுத்தேன், அதுவும் பெரியப்பா வேலைதான் என்று அப்போது உறைத்தது. துடைத்து உன் பையின் முன்பக்க ஜிப்பில் வைத்திருக்கிறேன். அரிசிமாவு ஒட்டியிருந்தால் ஊதிவிட்டுக்கொள்.

கடை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ராத்திரி நீ தூங்குவதில்லை என்பதும் தெரியும். டல்லாஸ்காரரிடம் என் மேல் பழியைப் போடு. எங்கம்மா பொய் சொல்லிவிட்டாள், அது எங்கள் ஊர் டிசைனும் இல்லை, எங்கள் சொத்தும் இல்லை என்று சொல். வயசான பொம்பளை பொய் சொன்னதாக ஒரு அமெரிக்கன் நினைத்துக்கொண்டால் எனக்கு ஒன்றும் குறையாது. கரூர்த் தறியில் யாரையும் கேட்காமல் ஓட்டக்கூடிய கட்டமும் கோடும் இருக்கின்றன. உன் அப்பா போட்ட ஊதாக் கட்டம் எனக்கு இழை இழையாக ஞாபகம் இருக்கிறது, கேட்டால் எழுதித் தருகிறேன். அது நமக்குக் கொடுக்க உரிமை உள்ளது. அதற்கு டல்லாஸ்காரர் ஒப்புவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. மாட்டார் என்றால் கஷ்டம்தான். ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று நான் பேச மாட்டேன், இங்கே குழாயில் வெந்நீர் வருகிறது, அந்தக் காட்டில் நான் சுமந்தது போதும். இருக்கிறதை வைத்து இங்கேயே பார்க்கலாம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு நேற்று சாயங்காலம்தான் பதில் எழுதினோம். என் ஊர் அமராவதிக்கரை, ஆற்று மணலில் நாங்களும் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள், எங்கள் காட்டில் தண்ணீர் இருக்கும் இடம் எட்டு என்று சொன்னேன். நிலா ஒவ்வொரு பெயராக இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். ஏழு ஆனதும், "எய்ட்த் ஒன் என்ன அப்பத்தா?" என்றாள். அன்றைக்கு சர்வேயரிடமும் எட்டாவதை நான் சொல்லவில்லை. புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, அதற்குள் டீ போடக் கூப்பிட்டுவிட்டார்கள். பெரியப்பாவுக்குத் தெரியாது, பத்திரத்தில் இல்லை, உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. அது யார் பாகத்தில் இருக்கிறது என்பதைக்கூட இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், மலரில் வரப்போகிறதே. "அந்த எடத்துல புள்ளி வெச்சு மூடிடு" என்றேன். அவள் ஏழு பெயருக்குக் கீழே ஒரு வரி முழுக்கப் புள்ளியாக வைத்து அனுப்பினாள்.

ஆம்பளைக்குச் சொல்லக் கூடாது என்பது என் மாமியார் சொன்னது. ஆனாலும் வியாழக்கிழமை அந்தத் துணியை அச்சுக்கு அனுப்பாமல் நீ திரும்பி வந்தால், எட்டாவதை உனக்குச் சொல்கிறேன். நிலாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அனுப்பிவிட்டு வந்தாலும் நீ என் மகன்தான். சோறு போடுவேன், துணி மடித்து வைப்பேன், காய்ச்சல் என்றால் கஷாயம் வைப்பேன். அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

அம்மா